எக்ஸ்எம்எல் இனி எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் செய்தான். கணினி அறிவியல் முடித்துவிட்டு ஆறு மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறான். புதுச்சேரியில் ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்தில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. வேலை எக்ஸ்எம்எல் சம்பந்தப்பட்டது.

“மாமா, பசங்க எல்லாம் சிரிக்கிறானுங்க. எக்ஸ்எம்எல்லா, அது செத்து பத்து வருஷம் ஆச்சேடாங்கிறானுங்க. நீங்க அதுலதானே இருந்தீங்க? சேரலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. “ரெண்டு நாள் டைம் குடுடா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு அனுப்பலாம் என்று எழுத ஆரம்பித்த குறிப்புதான் இது. எழுத எழுத நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன். அவனைப்போலக் கேட்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2003ல் சென்னையில் இதே மாதிரி ஒரு நிறுவனத்தில்தான் என் முதல் சம்பளம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியாகும் ஆய்விதழ்கள் பலவற்றின் பக்க வடிவமைப்பும் கோப்பு மாற்றமும் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கின்றன, அன்றும் நடந்தன. கட்டுரை வேர்ட் கோப்பாக வரும். இது தலைப்பு, இது ஆசிரியர் பெயர், இது அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம், இது சுருக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் டேக் போட வேண்டும். கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல்தான் உயிரை எடுக்கும். எண்பது மேற்கோள் இருந்தால் எண்பதிலும் குடும்பப்பெயர், முதலெழுத்து, ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் தனித்தனியாக. ஒரு டேக்கை மூட மறந்தால் பார்ஸர் கோப்பையே ஏற்காது. ஒரு கமா தப்பான பக்கம் விழுந்தால் தரச் சோதனையில் திரும்பி வரும்.

பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன மாதிரி:

<நூல்><பதிப்பாசிரியர்>உ.வே. சாமிநாதையர்</பதிப்பாசிரியர்>, <தலைப்பு>சீவக சிந்தாமணி</தலைப்பு>, <ஆண்டு>1887</ஆண்டு></நூல்>

அவ்வளவுதான் எக்ஸ்எம்எல். இதில் எழுத்தின் அளவு, தடிமன், நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இது என்ன என்பது மட்டும் இருக்கிறது. எப்படிக் காட்டுவது என்பது வேறு இடத்தில் முடிவாகும். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று வேலையில் இருந்த வரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலையை விட்ட பிறகுதான் தேடிப் படித்தேன். என் மருமகனின் கேள்விக்குப் பதில் அந்த வரலாற்றில் இருப்பதாக நினைக்கிறேன்.

பென்சில் குறிப்பில் இருந்து

மார்க்கப் என்ற சொல் கணினிக்கு முந்தையது. கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போகும் முன் பதிப்பாசிரியர் ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்புவார்: இந்த வரி பெரிய எழுத்தில், இது சாய்வில், இங்கே பத்தி பிரி. அச்சுக் கோப்பவர் அதைப் பார்த்துக் கோப்பார். அந்தக் குறிப்புகளுக்குத்தான் மார்க்கப் என்று பெயர்.

1960களில் அச்சுக்கோப்புக்குக் கணினி வந்தபோது பென்சில் குறிப்புகள் கட்டளைகளாக மாறிக் கோப்புக்குள் நுழைந்தன. ஒரு இயந்திரத்தின் கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது. இயந்திரத்தை மாற்றினால் கோப்பு முழுவதையும் மறுபடி குறிக்க வேண்டும். 1967 செப்டம்பரில் கனடா அரசு அச்சகத்தில் நடந்த கூட்டத்தில் வில்லியம் டனிக்ளிஃப் என்பவர், ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அதன் தோற்றத்தையும் பிரித்து வைக்க வேண்டும் என்று பேசினார். வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதுதான் வழக்கம்.

அதைச் செய்து காட்டியவர் சார்லஸ் கோல்ட்ஃபார்ப். அவர் பொறியாளர் இல்லை, வழக்கறிஞர். ஐபிஎம்மில் சேர்ந்து, 1969ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில், வக்கீல் அலுவலகங்களுக்குக் கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்ற ஆய்வில் இருந்தார். ஆவணத்தைத் திருத்த ஒரு நிரல், தேடி எடுக்க ஒரு நிரல், அச்சுக்குப் பக்கம் கட்ட ஒரு நிரல் என மூன்று இருந்தன. மூன்றும் ஒரே கோப்பைப் படிக்க வேண்டும். அச்சு நிரலுக்கு மட்டும் புரியும் ‘பெரிய எழுத்து’ என்ற கட்டளையால் தேடும் நிரலுக்கு என்ன பயன்? ‘இது தலைப்பு’ என்று எழுதி வைத்தால் மூன்றுக்கும் பயன். கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் சேர்ந்து உருவாக்கியதற்கு ஜிஎம்எல் என்று பெயர். மூவரின் குடும்பப்பெயர்களின் முதலெழுத்துகளும் அவையே. பெயர் அப்படி அமையட்டும் என்று திட்டமிட்டே வைத்தார் கோல்ட்ஃபார்ப்.

அது வளர்ந்து 1986ல் எஸ்ஜிஎம்எல் என்ற உலகத் தரநிலை ஆனது. ஐஎஸ்ஓ 8879 என்பது அதன் எண். அமெரிக்க ராணுவம் தன் கையேடுகளுக்கு அதை எடுத்துக்கொண்டது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு விமானத் துறை எடுத்துக்கொண்டது. ஏன் இவர்கள்? ஒரு விமானம் முப்பது நாற்பது ஆண்டு பறக்கும். அதன் கையேட்டை எழுதிய மென்பொருள் அவ்வளவு காலம் இருக்காது. கோப்பு மென்பொருளைவிட நீண்ட ஆயுளோடு இருந்தாக வேண்டும். இந்த ஒரு தேவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவேன்.

உ.வே.சா.வும் இதே வேலையைத்தான் செய்தார்

நடுவில் ஒரு சின்ன விலகல், தமிழ் படித்தவன் என்பதால் மன்னிக்கவும். 1887ல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பிக்க உட்கார்ந்த உ.வே.சா.வின் கையில் இருந்தவை ஏடுகள். அவற்றில் பத்தி இல்லை, பெரும்பாலும் புள்ளி இல்லை. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க வேண்டும். உரைக்குள் உரையாசிரியர் வேறு நூல்களில் இருந்து மேற்கோள் காட்டியிருப்பார், பல இடங்களில் நூலின் பெயர் இருக்காது. எந்த வரி எந்த நூலுடையது என்று தேடித் தேடியே அவர் பழைய இலக்கியங்களுக்குள் போனார்.

இது மூலம், இது உரை, இது மேற்கோள், இது இன்ன நூலில் இருந்து. டேக் போடும் வேலையின் கரு இதுதான். கோண அடைப்புக்குறி போட ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். எது எது என்று தீர்மானிக்க அந்தத் துறையே தெரிந்திருக்க வேண்டும்.

அகராதிக்காரரும் இலக்கியக்காரரும்

எஸ்ஜிஎம்எல்லின் குறை அதன் பருமன். ஏகப்பட்ட விருப்பத் தெரிவுகள். முழுமையாகக் கையாளும் மென்பொருள் எழுதுவது பெரும்பாடு. 1990 வாக்கில் டிம் பெர்னர்ஸ் லீ ஹெச்டிஎம்எல்லை அமைத்தபோது எஸ்ஜிஎம்எல் பாணியில் சில டேக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டார். எளிமையால் அது உலகைப் பிடித்தது. ஆனால் அதில் இருந்தது தலைப்பு, பத்தி, பட்டியல் போன்ற சில பெயர்கள்தான். விலை, மருந்தின் அளவு, பாகத்தின் எண் என்று நாமே பெயர் வைக்க வழி இல்லை.

1996ல் வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியத்தில் ஒரு குழு கூடியது. தலைவர் ஜான் போசாக், சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்தவர். அதற்கு முன் நாவெல் நிறுவனத்தின் கையேடுகளை எஸ்ஜிஎம்எல் வழியாக இணையத்துக்குக் கொண்டுவந்தவர். தரநிலையை எழுதிய மூவரைப் பாருங்கள். டிம் பிரே, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டுவரும் திட்டத்தை நிர்வகித்தவர். மைக்கேல் ஸ்பெர்பெர்க் மெக்வீன், ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், பழைய இலக்கிய நூல்களைக் குறியிடும் டிஇஐ வழிகாட்டு நெறிகளின் பதிப்பாசிரியர். மூன்றாமவர் மைக்ரோசாஃப்டின் ஜான் பாவ்லி. எக்ஸ்எம்எல் என்ற பெயரைத் தந்தவர் ஜேம்ஸ் கிளார்க். 1996 நவம்பரில் பாஸ்டனில் முதல் வரைவு வெளிவந்தது. 1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரையாக அறிவிக்கப்பட்டது.

கூடியிருந்தவர்கள் அகராதிக்காரர், இலக்கியக்காரர், கையேட்டுக்காரர். எல்லோரும் ஆவணத்தோடு மல்லுக்கட்டியவர்கள். தரநிலையின் முகப்பில் பத்து நோக்கங்கள் பட்டியலாக இருக்கும். மனிதர் படித்துப் புரியும்படி இருக்க வேண்டும் என்பது ஒன்று. சுருக்கமாக இருப்பது அவ்வளவு முக்கியமில்லை என்பது பத்தாவது. பின்னால் எக்ஸ்எம்எல்லைத் திட்டியவர்களில் பாதிப்பேர் திட்டியது இந்தப் பத்தாவது நோக்கத்தைத்தான். அது தெரியாமல் வந்த குறை இல்லை, தெரிந்தே எடுத்த முடிவு.

இன்னொரு முடிவும் நமக்கு முக்கியம். எக்ஸ்எம்எல் முதல் நாளில் இருந்தே யூனிகோடு. டேக்கின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். மேலே நான் காட்டிய மாதிரியை எந்தப் பார்ஸரும் மறுக்காது. 1998ல் நம் ஊர் மேசைக்கணினிகளில் கடைக்குக் கடை ஒரு தமிழ் எழுத்துரு, அதற்கொரு குறியாக்கம் இருந்தது. விண்டோஸில் யூனிகோடு தமிழ் வந்ததே விண்டோஸ் 2000ல்தான். ‘தலைப்பு’ என்று டேக் வைக்க அனுமதி கிடைத்துவிட்டது, தட்டச்சு செய்யத்தான் வழி இல்லை.

நிரலாளர் கைக்குப் போனது

அப்புறம் வந்தது ஒரு அலை. 1999ல் எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்ற எக்ஸ்எஸ்எல்டியும், உள்ளே எந்தப் பகுதி வேண்டும் என்று சுட்ட எக்ஸ்பாத்தும் வந்தன. 2001ல் எக்ஸ்எம்எல் ஸ்கீமா. கணினிகள் ஒன்றோடொன்று பேச சோப். நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் ரெஸ்யூமேயில் எக்ஸ்எம்எல் என்று இல்லாதவரே இல்லை. எங்கள் தெருக் கணினி மையத்தின் பலகையில்கூட சி, ஜாவாவுக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்எல் ஏறிவிட்டது.

ஆவணத்துக்காகப் பிறந்ததை எல்லாத் தரவுக்கும் போட்டார்கள். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் ‘இந்த வாடிக்கையாளரின் பாக்கி எவ்வளவு’ என்று கேட்கிறது. பதில் ஒரு எண். அந்த எண்ணை உறைக்குள் உறை போட்டு, பெயர்வெளி அறிவிப்புகளோடு இருபது வரியில் அனுப்பினார்கள். நிரலாளருக்கு எரிச்சல் வந்ததில் தப்பே இல்லை. போதாததற்குப் பாதுகாப்புத் தொல்லை. எஸ்ஜிஎம்எல்லில் இருந்து வந்த என்டிட்டி வசதியை வைத்து, சில வரிக் கோப்பு ஒன்று நினைவகத்தில் கோடி மடங்காக விரிந்து சர்வரைப் படுக்க வைக்க முடிந்தது.

டக்ளஸ் கிராக்ஃபோர்டு முன்வைத்த ஜேசான் அந்த எரிச்சலுக்கு மருந்து. ஜாவாஸ்கிரிப்டில் ஏற்கெனவே இருந்த எழுத்துமுறை அது. பெயர், அதற்கொரு மதிப்பு, பட்டியல், முடிந்தது. 2005ல் ஏஜாக்ஸ் என்ற பெயர் பரவியபோது அதன் கடைசி எழுத்து எக்ஸ்எம்எல்லைக் குறித்தது. சில ஆண்டுகளில் ஏஜாக்ஸ் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் ஜேசானை அனுப்பினார்கள். நம் நாட்டிலும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் கோப்பு ஜேசான். வருமான வரிக் கோப்பு பல ஆண்டு எக்ஸ்எம்எல்லாக இருந்து 2021ல் ஜேசானுக்கு மாறியது. கணக்காளர் நண்பர்களுக்கு அந்த ஏப்ரல் நினைவிருக்கும்.

மருமகனின் நண்பர்கள் செத்துவிட்டது என்பது இந்தக் கதையைத்தான். இதுவரை அவர்கள் சொல்வது சரி.

எங்கே நிலைத்தது

ஆனால் வேர்ட் கோப்பு ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். ஈபப் மின்னூலின் உள்ளேயும் அதுதான். ஆய்விதழ் உலகில் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2003ல் வெளியிட்ட டேக் தொகுதி 2012ல் ஜாட்ஸ் என்ற தரநிலையாகி இன்று பெரும்பாலான பதிப்பகங்களின் பொதுமொழி. நிறுவனங்களின் நிதி அறிக்கைக்கு எக்ஸ்பிஆர்எல். சார்லஸ் ஹாஃப்மன் என்ற அமெரிக்கக் கணக்காளர் 1998ல் தொடங்கிவைத்தது. 2010-11 நிதியாண்டில் இருந்து நம் நிறுவன விவகார அமைச்சகமும் பெரிய நிறுவனங்களிடம் அதில்தான் அறிக்கை வாங்குகிறது. வங்கிகளிடையே நாடு கடந்து போகும் பணத்துக்கான பழைய ஸ்விஃப்ட் செய்தி வடிவத்தின் இடத்தை ஐஎஸ்ஓ 20022 பிடித்தது. எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும் அந்தச் செய்திகளுக்கான மாறுதல் காலம் முடிந்தது 2025 நவம்பரில்தான், அதாவது எக்ஸ்எம்எல் ‘செத்து’ வெகுகாலத்துக்குப் பிறகு. அவ்வளவு ஏன், டீக்கடையில் யுபிஐயில் பதினைந்து ரூபாய் அனுப்பும்போது வங்கிக்கும் என்பிசிஐக்கும் இடையில் ஓடும் செய்தி எக்ஸ்எம்எல் வடிவில் வகுக்கப்பட்டது.

இவற்றில் பொதுவாக இருப்பவை இரண்டு. ஒன்று, எழுத்துக்குள் கட்டமைப்பு கலந்து கிடக்கும் இடங்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில் ஒரு நூற்பெயர், அதற்குள் ஒரு சொல் சாய்வெழுத்தில், பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு எண். இதை எக்ஸ்எம்எல் இயல்பாகத் தாங்கும். ஜேசானில் எழுதிப் பாருங்கள், வாக்கியம் துண்டு துண்டாகச் சிதறிவிடும். இரண்டு, ஒருவரை ஒருவர் நேரில் அறியாத பல நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு ஒரே ஒப்பந்தத்தின்படி கோப்பு மாற்றிக்கொள்ளும் இடங்கள். கோப்பு ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று ஸ்கீமாவை வைத்து வாசலிலேயே சோதித்துவிடலாம். அந்த வசதியும் அதற்கான கருவிகளும் எக்ஸ்எம்எல்லில் வெகு முன்பே பழுத்துவிட்டன.

சுருக்கமாகச் சொன்னால், எக்ஸ்எம்எல் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை ஜேசானிடம் விட்டுவிட்டுத் தன் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

வீடு பத்திரமாக இருக்கிறதா என்றால், முழுக்க இல்லை. 2025ல் குரோம் உலாவிக்காரர்கள் எக்ஸ்எஸ்எல்டியை உலாவியில் இருந்து எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். உலாவிகளில் இருப்பது 1999ன் முதல் பதிப்பு, அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் மிகக் குறைவு, பழைய நிரலில் பாதுகாப்பு ஓட்டைகள் என்பவை காரணங்கள். சர்வரிலும் பதிப்பகங்களிலும் ஓடும் எக்ஸ்எஸ்எல்டிக்கு இதனால் ஆபத்து இல்லை. எனக்கு அதைவிடக் கவலை தந்தது அதே ஆண்டு வந்த இன்னொரு செய்தி. லிப்எக்ஸ்எம்எல்2 என்ற நூலகத்தை எண்ணற்ற மென்பொருள்கள் நம்பியிருக்கின்றன. அதைப் பராமரித்து வந்த தன்னார்வலர், சம்பளமில்லாத இந்தப் பாரத்தைத் தொடர முடியாது என்று விலகினார். உலகமே சாய்ந்திருந்த தூணை ஒருவர் தாங்கிக்கொண்டிருந்தார். தொழில்நுட்பம் சாவதைவிட அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போவதுதான் முதலில் நடக்கும்.

அப்போ வேலை?

இனி பிழைப்பைப் பற்றி. 2003ல் எங்கள் ஹாலில் ஷிஃப்டுக்கு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்து இருக்கைக்காரர் மாதிரி வேகமாக டேக் போட ஆள் கிடையாது. கீபோர்டைப் பார்க்கவே மாட்டார், மாதாமாதம் ஊக்கத்தொகை அவருக்குத்தான். மேற்கோள் பட்டியலைத் தானாகப் பிரிக்கும் நிரல் வந்ததும் அந்த வேகத்துக்கு விலை போய்விட்டது. ஐம்பது இருபதானது, அப்புறம் எட்டு. அவர் இப்போது திருவள்ளூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பார்க்கப் போனால் டீ வாங்கிக் கொடுப்பார். டேக்கைப் பற்றிப் பேச மாட்டார்.

அதே ஹாலில் ஒரு அக்கா இருந்தார், விலங்கியல் படித்தவர். ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ கேட்பார். ஓர் உயிரினத்தின் இருசொற் பெயரும் சாய்வெழுத்து, ஆசிரியர் அழுத்திச் சொல்லும் சொல்லும் சாய்வெழுத்து. இரண்டுக்கும் ஏன் ஒரே டேக் என்று கேட்டு டீம் லீடரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். “டார்கெட்டை முடிங்கம்மா” என்பார் அவர். அக்கா விடவில்லை. வாடிக்கையாளரின் டிடிடி ஆவணத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார், எக்ஸ்எஸ்எல்டியைத் தானே கற்றார். இப்போது வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்கு ஸ்கீமா வடிவமைத்துத் தருகிறார்.

நான் இருவருக்கும் நடுவில். கொஞ்சம் கற்றேன், கொஞ்சம் பயந்தேன், ஆறு வருடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்து இருக்கைக்காரர் சோம்பேறி இல்லை, எங்கள் எல்லோரையும்விட உழைத்தவர். அவருக்கு நிறுவனம் கற்றுக்கொடுத்தது அடைப்புக்குறி போடுவதை மட்டும். அடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்க நேரமும் தரவில்லை, சம்பளமும் தரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்று செயற்கை நுண்ணறிவு டேக் போடுகிறது, நன்றாகவே போடுகிறது. வாஷிங்டன் என்பது ஊரா, ஆளா, பல்கலைக்கழகமா என்று பெரும்பாலும் சரியாக ஊகித்துவிடும். ஆனால் தப்பு செய்யும்போதும் அதே நிமிர்ந்த முகத்தோடு செய்யும். எங்கே தவறும் என்று முன்கூட்டி யோசித்து, தவறினால் பிடிக்க விதி எழுத ஆள் வேண்டும். மருந்தின் அளவு என்ற டேக்குக்குள் எண் மட்டும் இருந்து அலகு இல்லை என்றால் கோப்பை நிறுத்து என்று எழுதுபவருக்கு டேக்கும் தெரிய வேண்டும், மருந்தும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஆகவே மருமகனே, சேரு. ஆனால் எக்ஸ்எம்எல் மட்டும் தெரிந்தவனாக மூன்றாம் வருடம் அங்கே இருக்காதே. எக்ஸ்பாத் முதலில், ஒரு வாரத்தில் கைவரும், ஆயுளுக்கும் உதவும். அடுத்து ஸ்கீமாவும் ஸ்கீமட்ரானும், அதாவது கோப்புக்கு விதி எழுதும் கலை. எக்ஸ்எஸ்எல்டியை இன்றைய பதிப்பில் படி, 1999ன் பதிப்போடு நிற்காதே. பைதான் உனக்குத் தெரியும், அதில் எக்ஸ்எம்எல்லையும் ஜேசானையும் மாற்றி மாற்றிப் பழகு, ரெண்டுக்கும் சண்டை எதுவும் கிடையாது. இவை எல்லாவற்றையும்விட, ஒரு துறையைப் பிடி. கணக்கு பிடித்தால் எக்ஸ்பிஆர்எல், வங்கி என்றால் ஐஎஸ்ஓ 20022, அறிவியல் என்றால் ஜாட்ஸ், நம்ம பழைய நூல்கள் என்றால் டிஇஐ. கடைசியாகச் சொன்னதில் சம்பளம் குறைவு, ஆள் அதைவிடக் குறைவு. முதல் நாளே டீம் லீடரிடம் கேள்: இந்த டேக் தொகுதியை யார் எழுதினார்கள், ஏன் இப்படி? திட்டினால் வாங்கிக்கொள்.

விமானக் கையேட்டைப் பற்றி மேலே சொன்னதற்கு இப்போது வருகிறேன். போன மாதம் 2003ல் நான் டேக் போட்ட கட்டுரை ஒன்றை இணையத்தில் தற்செயலாகப் பார்த்தேன். மண்புழுக்களைப் பற்றியது. எண்பத்துச் சொச்சம் மேற்கோள்களும் ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் திறக்கின்றன. பதிப்பகத்தின் வலைத்தளம் அதற்குள் எத்தனையோ முறை மாறிவிட்டது, என் டேக்குகள் மட்டும் அப்படியே வேலை செய்கின்றன.

அன்று இரவு என் எம்.ஏ. ஆய்வேட்டைத் தேடினேன். கொங்குப் பகுதித் தாலாட்டுகள், கிராமம் கிராமமாகப் போய் எழுதியவை, பாடிய ஆத்தாக்களில் இன்று யாரும் இல்லை. 2002ல் டிடிபி கடையில் கொடுத்து அடித்தது. கோப்பு இருக்கிறது. அதைத் திறக்கும் மென்பொருள் இல்லை. எப்படியோ எழுத்தை மட்டும் பிரித்து எடுத்தால் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கிறது, அந்தக் கடைக்காரரின் எழுத்துருவுக்கு மட்டும்தான் அது தமிழ். அச்சுப் படி ஒன்று கரையான் தின்றது போக முக்கால்வாசி மிச்சம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் மண்புழுவைப் பத்திரமாக வைத்தவன், என் ஊர்த் தாலாட்டைக் கோட்டைவிட்டேன்.

மிச்சம் இருக்கும் முக்கால்வாசியை இப்போது டிஇஐயில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பாடியவர், ஊர், பாட்டு, வரி, கேட்ட நாள் என்று தனித்தனி டேக். இதுவரை பதினொரு பாட்டு முடிந்திருக்கிறது. 2002 வாக்கில் ஈரோடு பக்கம் டிடிபி கடை வைத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய எழுத்துருக் கோப்புகள் உங்கள் சிடியிலோ ஃப்ளாப்பியிலோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். மீதிக் காலுக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.